நிலவறையில் கேட்ட கோல்கள்

உதைபந்தில் கோல் விழுந்த சத்தமும் கோல் தப்பிய சத்தமும் ஒன்றல்ல. தப்பினால் சத்தம் எழும்பி, "ஊ..." என்று இறங்கிக் கலைந்துவிடும். விழுந்தால் இறங்காது. வெடித்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்று, பிறகு பாட்டாக மாறும். எதிரணி போட்டால் ஒரு மூலையில் மட்டும் கத்துவார்கள், மற்ற மூன்று பக்கமும் செத்த வீடு மாதிரி இருக்கும். பெனால்டி என்றால் விசிலுக்கு ஒரு கத்தல், அதன் பிறகு நீண்ட அமைதி. அந்த அமைதிக்குப் பிறகு என்ன வருகிறது என்பதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லித்தந்தவர் ஒரு பப் முதலாளி. நிலத்துக்கு அடியில் பியர்ப் பீப்பாய்களுக்கு நடுவே நின்றுகொண்டு, காதால் கேட்டே ஸ்கோர் சொல்லக்கூடிய மனுசன். சென்ற மாதம் காலமானார். வயது 76.

அவரை எல்லாரும் 'கவ்னர்' என்றுதான் கூப்பிடுவார்கள். கவர்னர் என்ற சொல் கிழக்கு லண்டன்காரர் வாயில் தேய்ந்து அப்படி ஆகிவிட்டது. கடை முதலாளி, மேஸ்திரி, வேலை தருகிறவர் எல்லாரும் அங்கே கவ்னர்தான். நானும் கடைசிவரை அப்படியே கூப்பிட்டேன். அவர் சொந்தப் பெயரை முதன்முதலாக முழுசாக வாசித்தது இறுதிச் சடங்கில் தந்த அட்டையில்தான்.

நான் 1998இல் லண்டன் வந்தேன். ஈஸ்ட் ஹாமில் ஓர் அறையில் ஐந்து பேர். எனக்கு முன்பே வந்த அண்ணைமார் சொன்ன முதல் புத்திமதி: "சனிக்கிழமையில் அப்டன் பார்க் ஸ்டேஷன் பக்கம் போகாதே. மேட்ச் நாளில் வெள்ளைக்காரர் வெறியில் நிற்பார்கள்." அவர்கள் சும்மா சொல்லவில்லை. எழுபது எண்பதுகளில் அந்தத் தெருக்களில் அடி வாங்கிய ஆசியர்கள் நிறையப் பேர். ஆனால் எனக்கு ஒரு பிரச்சினை இருந்தது. நான் யாழ்ப்பாணம் குருநகர்காரன். எங்களூரில் பிள்ளை நடக்கப் பழகுவதும் உதைபந்து அடிக்கப் பழகுவதும் ஒரே நேரத்தில்தான். ஞாயிறு பூசைக்கு நான் போகும் மாதா கோயிலோ கிரீன் ஸ்ட்ரீட்டில், வெஸ்ட் ஹாம் உதைபந்து கிளப்பின் போலின் மைதானத்தை ஒட்டினாற்போல் இருந்தது. ஞாயிறு அங்கே போய் முழங்காலில் இருக்கலாம், சனி மட்டும் போகக் கூடாது என்றால் எப்படி?

1999 ஆகஸ்டில், பார்க்கிங் (Barking) ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெருவில், பப் ஜன்னலில் ஒரு அட்டை தொங்கியது. மேட்ச் நாளில் கிளாஸ் பொறுக்க ஆள் தேவை. உள்ளே போனேன். கட்டையான, கழுத்தே இல்லாத ஒரு மனுசன் பித்தளைக் கைப்பிடிகளைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"சாமான் கையிலிருந்து விழுத்துவியா?"

"இல்லை. ஊரில் நான் கோல் கீப்பர்."

அவ்வளவுதான் நேர்முகப் பரீட்சை. அன்றிலிருந்து என் பெயர் கீப்பர். என் உண்மையான பெயரை இரண்டு தரம் முயன்று பார்த்து, மூன்றாம் தரம் கைவிட்டார். அந்த வருடம் ஏப்ரலில்தான் இங்கிலாந்தில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 3 பவுண் 60 பென்ஸ் என்று சட்டம் வந்திருந்தது. கவ்னர் 5 தந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "கீப்பருக்குக் கூடக் கொடுக்கவேண்டும், பழி எல்லாம் அவன் தலையில்தானே விழும்" என்றார்.

பப் என்பதை எங்கள் ஊர் ஆட்களுக்கு விளக்குவதற்கு நான் 'தவறணை' என்று சொல்வேன். கள்ளுத் தவறணையின் அந்தச் சொல்லும் ஐரோப்பாக்காரன் கொண்டுவந்து விட்டுப்போனதுதான். ஆனால் தவறணைக்குப் போகிறவன் தலையைக் குனிந்துகொண்டு போவான். இங்கே பாட்டன், மகன், பேரன் என்று மூன்று தலைமுறை ஒரே மேசையில் இருந்து குடிக்கும். கவ்னரின் கடை அவருடைய தகப்பனிடமிருந்து வந்தது, கட்டடமும் சொந்தம். பியர்க் கம்பனிக்கோ வேறு யாருக்கோ கைகட்டி நிற்கத் தேவையில்லை. சாப்பாடு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சிப்ஸ் பைக்கற், வினாகிரியில் ஊறிய முட்டை. சனி மத்தியானம் யாராவது பக்கத்துக் கடையில் 'பை அண்ட் மாஷ்' பொட்டலம் வாங்கிவந்து பிரிப்பார்கள். இறைச்சிப் பணியாரம், மசித்த கிழங்கு, மேலே பார்ஸ்லி போட்ட பச்சைக் குழம்பு. முதல் தரம் பார்த்தபோது யாரோ சொதியில் பச்சை மை ஊற்றிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் என்னைப் பகிடி பண்ணுவதற்காக ஒரு கிண்ணத்தில் ஜெலியில் உறைந்த விலாங்கு மீனைக் கொண்டுவந்து வைத்தார்கள். வெளியாட்கள் பார்த்தாலே ஓடுவார்களாம். நான் முள்ளைத் துப்பித் துப்பி முழுவதையும் முடித்துவிட்டு, மிளகாய்த்தூள் இருக்கா என்று கேட்டேன். கவ்னர் கல்லாவைத் தட்டிச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் நிற்கிறது. பிற்பாடு என் மனைவி வந்த பிறகு, வீட்டுக்குக் கூப்பிட்டு ஒடியல் கூழ் கொடுத்தோம். நண்டைக் கையில் எடுத்து உடைத்து, உறைப்பில் கண்ணால் நீர் ஓட, இரண்டு கோப்பை குடித்தார். "இது நம்ம விலாங்குக்குப் பெரியம்மா மகள்" என்றார். அவர் இங்கிலீஷில் சொன்னதை நான் இப்படி மாற்றிக்கொண்டேன்.

மேட்ச் நாள் என்பது மூன்று துண்டு. பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை ஒரு துண்டு: கால் வைக்க இடமில்லை, கண்ணாடிக் கிளாஸ் கிடையாது, எல்லாம் பிளாஸ்டிக். ஐந்து மணியிலிருந்து இரவுவரை இன்னொன்று. நடுவில் அந்த இரண்டு மணித்தியாலம் கடை வெறுமையாகிவிடும். ஏதோ புயல் கடந்துபோன கொட்டில் மாதிரி. இங்கிலாந்தில் சனிக்கிழமை மூன்று மணி ஆட்டங்களை உள்நாட்டில் நேரடியாக டிவியில் காட்டக் கூடாது என்பது நெடுங்கால ஏற்பாடு. ஆகவே நூறு யார் தூரத்தில் முப்பத்தையாயிரம் பேர் பார்க்கும் ஆட்டம் எங்களுக்கு வெறும் சத்தம்தான்.

அந்த நேரம்தான் நிலவறை வேலை. கடைக்கு முன் நடைபாதையில் ஒரு மரக் கதவு, லாரிக்காரர் பீப்பாய்களை அதன் வழியாகத்தான் உருட்டி இறக்குவார்கள். கீழே எப்போதும் பன்னிரண்டு பாகை குளிர். லாகர் பியர்ப் பீப்பாய் ஒன்றில் 88 பைன்ட் இருக்கும், அதை மாற்றுவது கஷ்டமில்லை. பூட்டைக் கழற்றிப் பூட்டினால் சரி. ஆனால் ஏல் என்ற வகைப் பியரின் பீப்பாய் அப்படியல்ல. அது உள்ளே இன்னும் உயிரோடு நுரைத்துக்கொண்டிருக்கும். படுக்கப்போட்டு, மேல் துளையில் மென்மரக் குச்சி ஒன்றைச் செருகி, காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேவிட வேண்டும். நுரை அடங்கியதும் வன்மரக் குச்சியை மாற்றி அடைக்க வேண்டும். பிறகு ஆட்டாமல் அசைக்காமல் ஒரு நாளாவது கிடக்கவிட்டால்தான் வண்டல் அடியில் போய் பியர் தெளியும். சனிக்கிழமை குடிக்க வேண்டியதை கவ்னர் வியாழக்கிழமையே துளைத்துவிடுவார். மற்ற விஷயங்களில் வாய் ஓயாத மனுசன், அந்தக் குச்சியைத் தட்டும்போது மட்டும் பேசமாட்டார்.

அப்படிக் கீழே நிற்கும்போதுதான் அந்த மரக் கதவின் இடுக்கு வழியாக மைதானம் உள்ளே வரும். கவ்னர் கையை உயர்த்துவார். நானும் பீப்பாயை அப்படியே விட்டுவிட்டு நிற்பேன். "தப்பிவிட்டது. கம்பத்தில் பட்டது." பிறகு மேலே போய் ரேடியோவில் கேட்டால் கம்பத்தில்தான் பட்டிருக்கும். எப்படித் தெரியும் என்று கேட்டால், "கம்பத்தில் பட்டால் சத்தத்தில் கோபம் இருக்கும்; கீப்பர் பிடித்தால் மரியாதை இருக்கும்" என்பார். இதில் பாதி புளுகு என்று நினைத்தேன். இரண்டு சீசன் கழித்து எனக்கும் கேட்கத் தொடங்கியது.

சின்ன வயதில் அவர் பார்த்ததெல்லாம் கடைசி இருபது நிமிடம்தானாம். அந்தக் காலத்தில் ஆட்டம் முடியுமுன்பே சனம் வெளியேறக் கதவைத் திறந்துவிடுவார்கள், காசில்லாத பொடியன்கள் அதற்குள் நுழைந்துவிடுவார்கள். அதற்கு முந்திய எழுபது நிமிடமும் மதிலுக்கு வெளியே நின்று கேட்டது. காது அங்கேதான் பழகியிருக்க வேண்டும்.

1966 உலகக் கோப்பையை இங்கிலாந்து வென்றது என்று அவர் கடையில் சொல்ல முடியாது. வெஸ்ட் ஹாம் வென்றது என்றுதான் சொல்ல வேண்டும். கப்டன் பொபி மூர் வெஸ்ட் ஹாம். ஜெஃப் ஹர்ஸ்ட் மூன்று கோல், மார்ட்டின் பீட்டர்ஸ் ஒன்று. ஜெர்மனிக்குப் போட்ட நான்கும் வெஸ்ட் ஹாம் கால். மூர் 1993இல், 51 வயதில் இறந்தபோது கடையை ஒரு நாள் பூட்டினாராம். தகப்பன் செத்தபோதுகூடப் பின்னேரம் திறந்தவர்.

கல்லாவுக்குப் பின்னால் சுவரில் மூரின் படத்தைவிடப் பெரிதாக ஒரு படம் இருந்தது. கிளைட் பெஸ்ட். பெர்முடாவிலிருந்து வந்து 1969 முதல் வெஸ்ட் ஹாமுக்கு ஆடிய கறுப்பு முன்கள வீரர். கறுப்பு வீரர் பந்தைத் தொட்டாலே குரங்குச் சத்தம் போட்ட காலம். 1972 ஏப்ரல் முதலாம் தேதி டொட்டன்ஹாமுக்கு எதிராக மூன்று கறுப்பு வீரர்களை வெஸ்ட் ஹாம் ஒன்றாக இறக்கியது. அன்று மைதானத்துக்குள் இருந்ததை கவ்னர் வருடத்தில் நாலு தரமாவது சொல்வார்.

ஒரு சனிக்கிழமை, நான் கை நிறைய கிளாஸ் அடுக்கிக்கொண்டு போகும்போது ஒருவன் என்னைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னான். இங்கிலாந்தில் இருக்கும் எந்தத் தெற்காசியருக்கும் அது எந்தச் சொல் என்று தெரியும். எனக்குப் பழக்கம்தான், நடந்துவிட்டேன். கவ்னர் கல்லாவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, அவனை மறித்து, அவன் கையிலிருந்த பாதிக் கிளாஸை வாங்கி, அவன் கண்முன்னே தொட்டியில் ஊற்றினார். சுவரில் இருந்த பெஸ்ட்டின் படத்தைக் காட்டி, "அவருக்கு முன்னால் நின்று இப்போது சொல்லு" என்றார். அவன் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தான். முப்பது வருட வாடிக்கைக்காரன் அவன். அதன் பிறகு அந்தப் படியில் கால் வைக்கவில்லை. கவ்னர் என்னிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. கிளாஸ் குறைகிறது, கெதியாப் போய்ப் பொறுக்கு என்றார். எனக்கு அது வசதியாக இருந்தது.

சரி, நிலவறைக் கதைக்கு வருகிறேன். அந்தக் கடையில் எல்லாருக்கும் தெரிந்த கதை.

1980 மே 10. இங்கிலாந்துக் கிளப்புகள் மோதும் எஃப்ஏ கோப்பையின் இறுதி ஆட்டம், வெம்ப்ளியில் ஆர்சனலுக்கு எதிராக. வெஸ்ட் ஹாம் அப்போது இரண்டாம் பிரிவில் கிடந்தது. கவ்னருக்கு ஒரு டிக்கெற் கிடைத்து, அதைத் தகப்பனுக்குக் கொடுத்துவிட்டார். அந்த நாளில் பப்பெல்லாம் மத்தியானம் மூன்று மணிக்குப் பூட்டிவிட்டு மாலையில்தான் திறக்க வேண்டும். 1988இல்தான் அந்தச் சட்டம் தளர்ந்தது. மூன்று மணிக்கு ஆட்டம், மூன்று மணிக்குக் கடை பூட்டு. கதவைப் பூட்டி, திரையை இழுத்துவிட்டு, பத்துப் பதினைந்து பேர் 'விருந்தாளிகளாக' உள்ளே இருந்து டிவி பார்த்தார்கள். மாலைக்குப் பீப்பாய் ஆயத்தம் பண்ண கவ்னர் இரண்டு நிமிடம் கீழே இறங்கினார். பதின்மூன்றாவது நிமிடம். தலைக்கு மேல் பலகைத் தளம் இடிந்து விழுவது போல மிதித்தார்கள், தூசி கொட்டியது. ஓடி வந்தார்.

"யார்?"

"ப்ரூக்கிங். தலையால்."

"விசர்க் கதை கதைக்காதே. ப்ரூக்கிங் தலையாலா?"

ட்ரெவர் ப்ரூக்கிங் காலால் கவிதை எழுதுவார், தலையால் கோல் போடுவது ஆடிக்கு ஒன்று அமாவாசைக்கு ஒன்று. அந்த ஒரு கோலில்தான் கோப்பை வந்தது. அன்றிலிருந்து கவ்னர் கீழே இறங்கினால் கோல் என்பது சாத்திரமாகிவிட்டது. ஆட்டம் இழுபட்டால் கடையே சேர்ந்து கத்தும்: "கீழே போ! கீழே போ!" நம்மவர் கிரிக்கெட் பார்க்கும்போது, எழும்பிப் போனால் விக்கெற் விழும் என்று ஒருத்தரைக் குசினிக்குள் அடைத்து வைப்பதில்லையா? அதேதான். வெள்ளைக்காரருக்கு மூடநம்பிக்கை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

2006 மே 13, கார்டிஃபில் லிவர்பூலுக்கு எதிராக அதே எஃப்ஏ கோப்பையின் இறுதி ஆட்டம். இரண்டு கோல் முன்னால் போய், இரண்டையும் திருப்பி வாங்கி, இரண்டுக்கு இரண்டு. கடை கத்தியது, கவ்னர் இறங்கினார், கொன்செஸ்கியின் குறுக்குப் பந்து நேரே வலைக்குள் போனது. மூன்றுக்கு இரண்டு. மேலே வந்தவர் சொன்னார்: "இனி நான் போகமாட்டேன். போன தரம் கோலைப் பார்க்கவில்லை, இந்தத் தரம் கோப்பையைத் தூக்குவதை என் கண்ணால் பார்க்க வேண்டும்." தொண்ணூறு நிமிடம் முடிந்து, வீணான நேரத்துக்காகக் கூட்டிக் கொடுத்த நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஜெராட் ஏறக்குறைய முப்பத்தைந்து யார் தூரத்திலிருந்து அடித்தார். அதற்குப் பிறகு பெனால்டியில் தோற்றோம். கவ்னர் கல்லாவைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இரவு பூட்டும்போது என்னிடம் மெதுவாக, "கீழேயே நின்றிருக்கலாம், கீப்பர்" என்றார். பகிடியாகச் சொல்லவில்லை.

2016 மே 10 போலின் மைதானத்தில் கடைசி ஆட்டம், மான்செஸ்டர் யுனைட்டெட். தேதியைப் பார்த்தீர்களா? ப்ரூக்கிங் கோலுக்குச் சரியாக முப்பத்தாறு வருடம். அன்று நான் விடுப்பு எடுத்துக்கொண்டு போய் நின்றேன். நான் அப்போது பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன், மேட்ச் நாளில் முடிந்தபோது மட்டும்தான் கை கொடுப்பது. தெருவெல்லாம் டிக்கெற் இல்லாத சனம். எதிரணி பஸ்ஸுக்குப் போத்தல் எறிந்து, ஆட்டம் முக்கால் மணித்தியாலம் பிந்தித்தான் தொடங்கியது. செவ்வாய் இரவு ஆட்டம், டிவியில் ஓடியது. ஆனால் டிவி சில செக்கன் பிந்தும். மைதானத்துச் சத்தம் முந்திவிடும். ஒன்றுக்கு இரண்டு என்று பின்னால் நின்றோம். யாரும் கத்துவதற்கு முன்பே கவ்னர் நிலவறைக் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் இறங்கினேன்.

கீழே இரண்டு வெறும் பீப்பாயைக் கவிழ்த்து உட்கார்ந்தோம். 76ஆவது நிமிடம் அன்டோனியோ. 80இல் ரீட். இரண்டையும் நாங்கள் பார்க்கவில்லை. முதலாவது சத்தத்தில் கதவு இடுக்கிலிருந்து மண் உதிர்ந்தது. இரண்டாவதில் கவ்னர் கண்ணை மூடிக்கொண்டு, அது பாட்டாக மாறும்வரை அசையாமல் இருந்தார். சோப்புக் குமிழிப் பாட்டு, 1920களிலிருந்து அந்த மைதானத்தில் பாடுவது. அது முடிந்த பிறகும் எழும்பவில்லை. மேலே பியர் கேட்டுக் கல்லாவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

கிளப் ஸ்ட்ராட்ஃபோர்டின் ஒலிம்பிக் மைதானத்துக்குப் போனது. கவ்னர் அதைத் திட்டியதை நான் கேட்டதில்லை. 1895இல் தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸ் கப்பல் பட்டறைத் தொழிலாளர் தொடங்கிய கிளப். பட்டறை மூடியும் கிளப் இருந்தது, மைதானம் போயும் இருக்கும் என்றார். ஆனால் வருடத்துக்குப் பத்தொன்பது லீக் ஆட்டங்களை நம்பி நின்ற கடை எத்தனை நாள் நிற்கும்? 2018இல் விற்றார். இப்போது அங்கே குடியிருப்பு. மைதானம் இருந்த இடத்திலும் குடியிருப்புதான், எண்ணூறு வீட்டுக்கு மேல்.

2023 ஜூன் 7, ப்ராக் நகரில் ஐரோப்பிய கொன்ஃபரன்ஸ் லீக் இறுதி, இத்தாலியின் ஃபியொரென்டினாவுக்கு எதிராக. கவ்னர் அப்போது ஹார்ன்சர்ச்சில் மகள் வீட்டில், நடக்கப் பிடித்துக்கொள்ளும் கம்பிச் சட்டம் வேண்டும் என்ற நிலை. மனைவி கட்டித்தந்த மட்டன் ரோல்ஸோடு நான் போனேன். ஒன்றுக்கு ஒன்று. 88ஆவது நிமிடம், ஒன்றும் சொல்லாமல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

"அப்பா, பாத்ரூமா?"

"நிலவறை."

அந்த வீட்டில் ஏது நிலவறை? மாடிப்படிக்குக் கீழே, வாக்வம் கிளீனர் வைக்கும் அலுமாரி. அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பக்கேட்டா தட்டிவிட, ஜரட் போவன் தனியாக ஓடினார். 90ஆவது நிமிடம். நாங்கள் போட்ட கூச்சலில் நாய் கட்டிலுக்கடியில் ஓடிவிட்டது. உள்ளேயிருந்து அலுமாரிக் கதவைத் தட்டும் சத்தம்.

"யார்? நாங்களா?"

சத்தம் கேட்டே கம்பமா கீப்பரா என்று சொன்ன மனுசன். ஆறு பேர் போட்ட கூச்சல் அவருக்குப் போதவில்லை. நாங்கள்தான் என்றேன். வெளியே வரமாட்டேன் என்றார், விசில் ஊதும்வரை. நாற்பத்து மூன்று வருடத்துக்குப் பிறகு வந்த பெரிய கோப்பை. அந்தக் கோலையும் அவர் பார்க்கவில்லை.

இறுதிச் சடங்கன்று சவ வண்டியை கிரீன் ஸ்ட்ரீட் வழியாகக் கொண்டுவந்தார்கள். பூவில் செய்த இரண்டு சுத்தியல், குறுக்கே வைத்தது, கறுஞ்சிவப்பும் வெளிர்நீலமும். பார்க்கிங் ரோட்டுச் சந்தியில் மூரைக் கோப்பையோடு தோளில் தூக்கிவைத்திருக்கும் சிலைக்கு முன்னால் ஒரு நிமிடம் நிறுத்தினார்கள். பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது. எனக்குத் தெரிந்த டிரைவர்தான். பிறகு மன்னிப்புக் கேட்டான்.

போன சனிக்கிழமை வீட்டில் ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆட்டம் முடியப் பத்து நிமிடம், கோல் இல்லை. மனைவி குசினிக்குள் இருந்தபடியே, "போய் அந்த அலுமாரிக்குள்ள இருங்கோவன்" என்றாள். எங்கள் வீட்டு அலுமாரியில் அரிசி மூட்டையும் பிள்ளைகளின் பழைய சப்பாத்தும். அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். நாலு நிமிடத்தில் கோல் விழுந்தது. சத்தத்தை வைத்தே சொல்லிவிட்டேன், அது எங்களுக்கு இல்லை.